மாமியார் பக்கத்துக் கொக்கிகள்

மயாஞ்சா கக்கூஸுக்குப் போவதென்றால் பாடிக்கொண்டுதான் போக வேண்டும். முன்வாசலில் இறங்கி, லைன் வீடுகளின் முனை வரை நடந்து, செருமாகாவின் சைக்கிள் கடையைச் சுற்றிப் பின்பக்கம் திரும்பும்போதே தொண்டையைத் திறந்துவிடுவான். கோயிலில் கற்றுக்கொண்ட ஒரே ஒரு பாட்டுதான் அவனுக்கு முழுசாகத் தெரியும், அதுவும் சுருதி சேராது. பின்கட்டில் உட்கார்ந்து அடுப்பை விசிறிக்கொண்டிருக்கும் எஸேசா அம்மாள் அந்தக் குரல் கேட்டதும் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவன் திரும்பிப் போகும்போதும் அதே பாட்டு. எங்கள் நத்தேட்டே பேட்டை முழுக்க இந்தக் கச்சேரி பிரசித்தம்.

"வயிறு சரியில்லையா செபோ? காலையிலேருந்து கர்த்தரை விடாம கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்க" என்று செருமாகா வீல் கோணல் எடுத்தபடியே கேட்பான். செபோ என்றால் எங்கள் பேச்சில் ஐயா.

"உனக்கு மாமியார் வந்து சேரட்டும்டா, அப்ப நீ மேளமே அடிக்க வேண்டியிருக்கும்."

எஸேசா அம்மாள் மயாஞ்சாவுக்குப் பெண் கொடுத்த மாமியார். எங்கள் புகாண்டாவில் மருமகன் மாமியாரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, மாமியாரும் மருமகன் முகத்தைப் பார்க்கக் கூடாது. இருவரும் ஒரே அறையில் இருக்கக் கூடாது, ஒரே பாயில் கால் வைக்கக் கூடாது. மீறினால் கைநடுக்கம் வரும், வந்தால் லேசில் போகாது. இப்போது கம்பாலாவில் சிலர் மாமியாரைக் காரின் முன்சீட்டில் உட்கார வைத்து ஊர் சுற்றுகிறார்கள், அவர்கள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அவர்கள் யாரும் கம்பி வளைத்துப் பிழைப்பவர்கள் இல்லை. மயாஞ்சாவுக்குச் சோறு போடுவது அந்த இரண்டு கைகள்தான்.

ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டுவது அவன் தொழில். அதை ஊரில் பத்துப் பேர் செய்கிறார்கள். மயாஞ்சாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அவனுடைய கொக்கி. செருமாகா கடையில் கழித்துப் போட்ட ஸ்போக்ஸ் கம்பியை வாங்கி, கட்டிங் பிளேயரால் நாலு விரல் போல வளைப்பான். துணியை மூன்று கொசுவமாக மடித்து அந்த விரல்களுக்குள் செருகினால் கம்பி கப்பென்று கவ்விக்கொள்ளும். தைக்க வேண்டாம், பின் குத்த வேண்டாம். துவைக்கும்போது உருவிவிட்டு, காய்ந்ததும் மறுபடி மடித்துச் செருகிவிடலாம். மேலே ஒரு வரிசை கொக்கி, அது திரையைக் கம்பியிலிருந்து தொங்கவிடும். இடுப்பளவில் இன்னொரு வரிசை, அது கொசுவம் பிரியாமல் பிடித்துக்கொள்ளும். அவன் மாட்டிய திரை காற்றில் படபடக்காது, விழாவுக்கு உடுத்திய பெண் மாதிரி மடிப்புக் கலையாமல் நிற்கும். "மயாஞ்சா கொக்கி கழண்டு விழுந்ததா சரித்திரமே கிடையாது" என்று அவனே எல்லோரிடமும் சொல்வான். கொஞ்சம் அதிகமாகவே சொல்வான்.

மசாக்காவில் தனியாக இருந்த எஸேசா அம்மாள் போன மழையில் வாழைத்தோப்பில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மகன் குவைத்தில். மகள் நபோசா இங்கே, மயாஞ்சாவோடு, ஒரே ஒரு நீள அறை கொண்ட லைன் வீட்டில். அம்மா இங்கே வர வேண்டுமென்று நபோசா போனில் அழுதாள், கெஞ்சினாள், திட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை.

"மாப்பிள்ளை படுக்கிற அறையிலேயே நானும் படுக்கிறதா? எனக்குக் கைதான் ஒடஞ்சிருக்கு, புத்தி ஒடையலை" என்றாள் எஸேசா அம்மாள்.

அப்போது மயாஞ்சா, மாமியாரோடு போனில் பேசிப் பழக்கமில்லாததால், நபோசா காதில் விழும்படி சுவரைப் பார்த்துச் சொன்னான்: "அறையை ரெண்டாக்கித் தரேன்னு சொல்லு. முன்பக்கம் நமக்கு, பின்பக்கம் அவங்களுக்கு. பின்கதவு, அடுப்பு எல்லாம் அவங்க பக்கம். நடுவுல திரை."

"திரைன்னா என்ன, கொசுவலையா?" என்று போனுக்குள் குரல் கேட்டது.

"ரெட்டைத் துணி, மூணு மடிப்புக் கொசுவம். வெளிச்சம்கூடத் தாண்டாதுன்னு சொல்லு."

எஸேசா அம்மாள் யோசித்துவிட்டு வந்தாள், ஒரு நிபந்தனையோடு. "அந்தத் திரை என்னைக்கு எங்களை ஒருத்தருக்கொருத்தர் காட்டிக் கொடுக்குதோ, அன்னிக்கே நான் மசாக்கா வண்டி ஏறிடுவேன். யாரும் அழக்கூடாது. அந்தப் பையன் கை நடுங்கிப்போச்சுன்னா என் மகள் வாயில மண்ணு." வந்த அன்றே நபோசா இன்னொன்றும் சொல்லியிருந்தாள்: அம்மா கை தேறவில்லை என்றால் பள்ளிக்கூடச் சமையல் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவதாக. "கை நல்லாத்தான் இருக்கு. நீ போய் உன் பானையைக் கிண்டு" என்று எஸேசா அம்மாள் வாயை அடைத்துவிட்டாள்.

நபோசா விடியும் முன்னே கிளம்பிவிடுவாள். அதன்பின் பகல் முழுக்க திரைக்கு இந்தப் பக்கம் மயாஞ்சாவின் தையல் மெஷின், அந்தப் பக்கம் மாமியாரின் கரி அடுப்பு. காலையில் குசலம் விசாரிப்பதே கால் மணி நேரம் ஓடும். ராத்திரி எப்படி, வீட்டில் எல்லோரும் எப்படி என்று கேட்டு, அவள் "ம்ம்" என்க, அவன் "ம்ம்" என்க, அது தேய்ந்து தேய்ந்து அடங்கும் வரை. முதல் வாரம் அவ்வளவோடு நின்றது. அப்புறம் ரேடியோவால் பேச்சு வளர்ந்தது. ரேடியோ மயாஞ்சா பக்கம் இருந்தது. சாவு அறிவிப்பு வாசிக்கும் நேரம் வந்தால் எஸேசா அம்மாளுக்கு இருப்புக் கொள்ளாது.

"மாப்பிள்ளை, யாரு செத்ததுன்னான்? மெஷினை நிறுத்துங்களேன்!"

"கியோட்டேராக்காரர் யாரோ அத்தை. உங்க ஊர் இல்லை."

"கியோட்டேராவா? அங்க எனக்கு நாலு பேரைத் தெரியும். யார் புருஷன்னு சொன்னானா?"

இப்படியே ஊரில் செத்தவர், இருப்பவர் எல்லோருடைய வண்டவாளமும் திரை வழியாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. மயாஞ்சாவின் அம்மா அவன் சின்ன வயதிலேயே போய்விட்டாள். ஒரு பெண்பிள்ளையின் குரல் பகல் முழுக்க நம்மை அதட்டிக்கொண்டிருந்தால் வீடு எப்படி நிறைந்துவிடுகிறது என்பது அவனுக்குப் புதுசு. அவனுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. முகம் தெரியாத ஒருத்தியிடம் இத்தனை பிரியமா என்று அவனுக்கே சிரிப்பாக இருந்தது.

"இந்த மழையோட வெட்டுக்கிளி இறங்கும். நபோசா பிடிச்சு வறுத்துக் கொடுப்பா. பதிலுக்கு நீங்க அவளுக்கு உடுத்திக்கப் புதுக் கோமேசி எடுத்துக் கொடுக்கணும், தெரியுமில்ல? இல்ல, மிச்சம் விழுந்த திரைத்துணியிலேயே தெச்சுப் போட்டுடுவீங்களா?"

"திரைத்துணின்னா கொக்கியும் சேர்த்துத் தருவேன் அத்தை."

அந்தப் பக்கம் சட்டென்று பேச்சு நின்றது. ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று மயாஞ்சா நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அந்த நாட்களில்தான் அவனுக்கு ஒரு கவலை பிடித்திருந்தது. திரையின் இடுப்பு வரிசையில் கொக்கிகள் குறைந்துகொண்டே வந்தன. ஒரு நாள் பார்த்தால் ஓரத்தில் ஒரு கொசுவம் பிரிந்து தொங்கும். அவன் இந்தப் பக்கமிருந்தே தடவிப் பார்ப்பான், கம்பி இருக்காது. சில நாள் கழித்து இன்னொன்று. கீழே விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். எலி தூக்கிக்கொண்டு போயிருக்குமோ என்று நினைத்தான், எலிக்கு ஸ்போக்ஸ் கம்பி எதற்கு என்றும் நினைத்தான். அந்தப் பக்கம் போய்ப் பார்க்க முடியாது. நபோசாவிடம் சொல்ல வெட்கம். தன் கொக்கி தன் வீட்டிலேயே கழண்டு விழுகிறது என்று எந்த வாயால் சொல்வான்? செருமாகா கொடுத்த கம்பிதான் மட்டமோ என்று அவனிடம் போய் ஒரு சண்டை போட்டான்.

"என் கம்பி ஒரு மூட்டை வாழைக்காயைத் தாங்கும் செபோ. உங்க மடிப்பைத் தாங்காதா? வளைக்கிற கையைப் பாருங்க" என்றான் செருமாகா.

அந்த வார்த்தை மயாஞ்சாவைச் சுருக்கென்று குத்தியது. வீட்டுக்கு வந்து கையை நீட்டிப் பார்த்துக்கொண்டான்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், காற்றும் மழையும் சேர்ந்து அடித்தது. பின்கதவு படாரென்று திறந்தது. இடுப்பில் பிடிப்பில்லாத திரை வயிறு ஊதிப் புடைத்து, மேல்வரிசைக் கொக்கிகளைப் படபடவென்று பிடுங்கிக்கொண்டு, மெஷின்மேலும் மயாஞ்சாவின் தலைமேலும் வந்து விழுந்தது. அந்தப் பக்கம் "ஐயோ" என்று ஒரு சத்தம், ஏதோ கவிழ்கிற சத்தம். மயாஞ்சா அசையவே இல்லை. ரெட்டைத் துணிக்குள் கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டான்.



"மாப்பிள்ளை, இருக்கீங்களா?"

"இருக்கேன் அத்தை. துணிக்குள்ள."

"நான் கூடைக்குள்ள" என்றாள் எஸேசா அம்மாள். தக்காளிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எடுத்துடாதீங்க. நபோசா வர்ற வரைக்கும் அப்படியே இருங்க."

"வர நேரமாகுமே அத்தை."

"ஆகட்டுமே. உங்களுக்கு என்ன, நிழல்தானே? என் மூக்குல தக்காளி வழியுது."

மயாஞ்சாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. துணிக்குள் அவன் குலுங்கியது கேட்டிருக்க வேண்டும், கூடைக்குள்ளிருந்தும் ஒரு கிளுக்குச் சிரிப்பு வந்தது. இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். அதற்குள் கருகல் வாசனை அடித்தது.

"அத்தை, கடலைக் குழம்பு அடிப்பிடிக்குது."

"தெரியுது. எப்படி இறக்கறதாம்? ஒரு கை கூடையைப் பிடிச்சிருக்கு, இன்னொரு கை…"



"இன்னொரு கை என்ன அத்தை?"

"ஒண்ணுமில்ல. எரியட்டும் விடுங்க."

அந்தக் குரலில் சிரிப்பு இல்லை. அதுவரை அவன் கேட்டிராத குரல் அது. மயாஞ்சா செய்யக்கூடாததைச் செய்தான். துணியின் ஓரத்தை ஒரு விரல் அளவுக்குத் தூக்கினான். முகம் தெரியவில்லை, கூடைதான் தெரிந்தது. கூடைக்குக் கீழே தரைவரை இறங்கும் நீலப்பூப் போட்ட கோமேசி. அதன் முன்மடிப்பைச் சேர்த்துப் பிடிக்க வேண்டிய அகலமான இடுப்புப் பட்டியில் முடிச்சே இல்லை. பட்டியை வெறுமனே சுற்றிச் செருகி, அது அவிழாமல் வரிசையாக அவனுடைய கொக்கிகள் கவ்விக்கொண்டிருந்தன. கொசுவம் கொசுவமாக, மூன்று மூன்று மடிப்பாக, அவன் வைப்பதைவிட நேர்த்தியாக. பக்கத்தில் அந்த வலது கை, மடியில் கழற்றி வைத்த கையுறை போல, சும்மா கிடந்தது.

அவன் துணியை இறக்கினான். பட்டியை முடிச்சுப் போடக்கூடத் தெம்பில்லாத கையை வைத்துக்கொண்டு இத்தனை நாள் அவள் அவனை அதட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். மகளிடம் சொன்னால் மகள் வேலையை விட்டுவிடுவாள். மகள் வீட்டிலிருக்கும்போதெல்லாம் அவள் குளிரென்று போர்வை கேட்டுச் சுற்றிக்கொள்வது எதற்கென்று இப்போதுதான் புரிந்தது.  அவள் மறுபடி ஏதோ பேசினாள், அவன் வெறும் "ம்ம்" போட்டான்.

நபோசா நனைந்துகொண்டே வந்து கதவைத் திறந்தவள், ஒரு பக்கம் துணிமூட்டையும் ஒரு பக்கம் கூடையும் மரியாதையாகப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு கயிறு கட்டி, துணியை எப்படியோ தூக்கிப் போட்டாள். திரை மறைத்த மறுகணம் எஸேசா அம்மாளின் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது.

"சொன்ன சொல் சொன்னதுதான். சனிக்கிழமை வண்டிக்கு நான் போறேன்."

"அம்மா, யாரும் யாரையும் பாக்கலையேம்மா!"

"அது எப்படித் தெரியும்? அவர் கையில ஊசியும் நூலும் கொடு. கோக்கச் சொல்லு. கை நடுங்குதான்னு பாத்துச் சொல்லு."

நபோசா ஊசியை நீட்டினாள். மயாஞ்சா வாங்கினான். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை கண்ணை மூடிக்கொண்டு கோக்கிறவன். நூல்முனை ஊசிக்காதின் இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று, உள்ளே மட்டும் போகவில்லை. பார்த்தது இடுப்புப் பட்டிதானே, முகம் இல்லையே என்று மனசுக்குள் வாதாடிக்கொண்டே விரல்கள் உதறின. நபோசா அவன் விரல்களைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். ஊசியை வாங்கி, நூலை எச்சில் தொட்டு, தானே கோத்தாள்.

"கோத்தாச்சும்மா. ஒரே தடவையில" என்று உரக்கச் சொன்னாள்.

 "அப்படியா? நல்லதுதான். ஆனா திரை விழுந்தது விழுந்ததுதானே. இன்னைக்குத் தப்பிச்சோம், நாளைக்கு?" என்றாள் எஸேசா அம்மாள். "ஏன் விழுந்துச்சுன்னு தெரியாம இங்க எப்படி இருக்கறது?"

ஏன் விழுந்தது என்று அந்த வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தியால் வாயைத் திறக்க முடியாது. இன்னொருத்தன் திறந்தால் பார்த்தது வெளிவந்துவிடும். மயாஞ்சா எழுந்து நின்றான். மழைக்கு ஒதுங்க வந்த செருமாகா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான், எல்லாம் அவன் காதிலும் விழும். விழட்டும்.

"தப்பு என்னோடதுதான் அத்தை" என்றான் மயாஞ்சா. "கம்பியைச் சரியா வளைக்கலை. அவசரத்துல செஞ்சது. இடுப்பு வரிசையெல்லாம் அதுவா கழண்டு விழுந்துடுச்சு. என் கொக்கியே சரியில்லை."

"அப்படிச் சொல்லுங்க!" என்றான் செருமாகா வாசலிலிருந்து. "கம்பியைக் குத்தம் சொன்னீங்களே!" மறுநாள் காலைக்குள் நத்தேட்டே முழுக்க அந்தச் செய்தி போய்விடும் என்பது மயாஞ்சாவுக்குத் தெரியும். திரைக்கு அந்தப் பக்கம் பெட்டியில் துணி வைக்கிற சத்தம் நின்றிருந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்க அவன் கம்பி வளைத்தான். முதல் கொக்கியை வளைக்க உட்கார்ந்தபோது பயந்துகொண்டேதான் பிளேயரை எடுத்தான். கை கல் போல நின்றது. திரையை மறுபடி மாட்டி, இடுப்பு வரிசையை இரண்டு மடங்காக்கினான். அப்புறம் வேறு சில கொக்கிகள் செய்தான். கம்பியில் மெல்லிசானதாகப் பார்த்து எடுத்தான். விரல்களைக் குட்டையாக்கினான், முனைகளை அரம் போட்டு மழுக்கினான், பட்டுத்துணி நூல் பிரியாமல் இருக்கக் கம்பிமேல் நீல நூல் சுற்றினான். ஒரு கையால் அமுக்கினாலே கவ்வும்படி கம்பியின் விறைப்பை இளக்கினான். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு நபோசாவிடம் கொடுத்தான்.

"இதை அம்மா பக்கம் வெச்சுடு. திரைக்கு உபரி. கழண்டு விழுந்தா மாட்டிக்கட்டும்."

நபோசா டப்பாவைத் திறந்து பார்த்தாள். "திரைக்கா? இத்தனை சின்னதா?"

"திரைக்குத்தான்" என்றான் மயாஞ்சா.

சனிக்கிழமையும் நபோசாவுக்குப் பள்ளிக்கூடத்தில் சமையல் இருந்தது. போகும்போது அம்மாவின் பெட்டியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். காலைக் குசல விசாரணை அன்று சீக்கிரம் முடிந்துவிட்டது. தெருமுனையில் வண்டிக்காரன் "மசாக்கா, மசாக்கா" என்று கத்தத் தொடங்கினான். மயாஞ்சா மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தான், ஆனால் மிதிக்கவில்லை. போகாதீங்க என்று சொல்ல அவனுக்கு வாய்வரை வந்தது. ஒரு மருமகன் எந்த உரிமையில் அதைச் சொல்வது என்று தெரியாமல் விழுங்கிக்கொண்டான்.

திரைக்கு அந்தப் பக்கம் டப்பா மூடி திறந்தது. கம்பியோடு கம்பி உரசிற்று. துணி சரசரத்தது. பிறகு கப்பென்று ஒரு சின்னச் சத்தம், இன்னொன்று, இன்னொன்று. வண்டி ஹாரன் அடித்தது.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க அத்தை."

"அன்னிக்கு நீங்க ஒண்ணும் பாக்கலைதானே?"

"ஒண்ணுமே பாக்கலை அத்தை. துணிக்குள்ளதானே இருந்தேன்."

"ம்ம்" என்றாள் எஸேசா அம்மாள்.

"ம்ம்" என்றான் மயாஞ்சா.

வண்டி கிளம்பிப் போகிற சத்தம் தேய்ந்து அடங்கியது.

"அளவு சரியா இருக்கு" என்றாள் அவள். "அந்த ரேடியோவைக் கொஞ்சம் சத்தமா வைங்க. யாரு செத்தான்னு பாப்போம்."